நாலு துண்டுப் போர்க்கப்பல்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே நாலு சட்டை, இரண்டு வேட்டி, மனைவி கட்டிக்கொடுத்த பிஸ்கட் டின். அதற்கடியில் ஒரு டஜன் முகக்கவசம், ஒரு கட்டு மஞ்சள் பிளாஸ்டிக் பை, இரண்டு ரோல் டேப், என் நெஞ்சைப் பிடித்த எக்ஸ்ரே படம். "என்ன வேலையா வந்திருக்கீங்க?" என்றார். ஒரு போர்க்கப்பலில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, உடைத்து முடிக்க வந்தேன் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. வெளிநாட்டில் வாயை அடக்க வேண்டும் என்பது மனைவியின் கட்டளை. "சிநேகிதனைப் பார்க்க" என்றேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சிங்கப்பூர்க்காரன், பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் மண்டோர் வேலை பார்த்தேன். மண்டோர் என்றால் மேஸ்திரி, ஆட்களைத் திட்டி வேலை வாங்குகிறவன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பட்டறைக்கு ஒரு கிழட்டுப் போர்க்கப்பல் உடைக்க வந்தது. பீரங்கிகளை முன்பே கழற்றியிருந்தார்கள். இனி என்ன பயம் என்று தெம்பாக ஏறினோம். கொல்லுகிற சாமான் பாய்லர் அறைக் குழாய்களைச் சுற்றி வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கல்நார், ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, பதினைந்து இருபது வருஷம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும் என்று அன்றைக்கு எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அந்தக் கப்பலில் என்னிடம் வேலை செய்தவன் முனிரத்தினம். சித்தூர் ஜில்லா நாராயணவனத்துக்குப் பக்கத்து ஊர். ஆந்திராக்காரன் என்றார்கள், வாயைத் திறந்தால் தமிழ். ஊர்ப்பக்கமெல்லாம் ஏஜெண்டுகள் ஆள் பிடித்து வெளிநாட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. வேலையில் சிங்கம், சமையலில் அதைவிட. கப்பலின் ஸ்டோர் ரூமில் ஒருநாள் கல்நாரில் நெய்த துணி ரோல் ஒன்று பிரிக்காமல் கிடைத்தது. குப்பையில் போடு என்றார் எங்கள் தௌக்கே, அதாவது முதலாளி. புதுத்துணியைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. ஐந்து கெஜம் வெட்டி, ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த முனிரத்தினத்திடம் கொடுத்தேன். லைட்டரைக் கொளுத்தி அதில் பிடித்துக் காட்டினேன். "நெருப்பே பயப்படுற துணிடா. பொண்டாட்டிக்கிட்ட குடு, அடுப்படில வச்சுக்கட்டும்." அவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பதினேழு வருஷம் கழித்து எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார், இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக. பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லிப் பட்டறையில் பழைய ஆட்களுக்கெல்லாம் கடிதம் போட்டார்கள். முனிரத்தினத்துக்குப் போட்டது மட்டும் விலாசம் தவறு என்று திரும்பி வந்தது. யாரையோ பிடித்து அவன் போன் நம்பர் வாங்கினேன். "மண்டோரண்ணே!" என்று அவன் கத்திய கத்தலில் துணிப் பேச்சையே நான் எடுக்கவில்லை. சௌக்கியம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். மனைவி முறைத்தாள். "குடுத்தது கையால, சொல்றது மட்டும் போன்லயா? நேர்ல போங்க." வந்துவிட்டேன்.

புத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். சிங்கப்பூரில் டாக்சியில் நாலு பேருக்கு மேல் ஏறினால் ஓட்டுநர் இறங்கச் சொல்லிவிடுவார். இங்கே பதினோரு பேர், ஒரு மூட்டை வேர்க்கடலை, ஒரு சைக்கிள் டயர். மாம்பழ சீசன் முடியும் நேரம், ஜூஸ் பேக்டரிக்குப் போகும் டிராக்டர்கள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. என் மடியில் உட்காராத குறையாக இருந்த அம்மாள் தெலுங்கில் எதையோ கேட்டார். விழித்தேன். உடனே தமிழுக்கு மாறி, "மலைக்கா போறீங்க?" என்றார். இல்லை என்றேன். "இம்மாந் தூரம் வந்துட்டு பெருமாள பாக்காம போவீங்களா?" என்று என் சார்பில் அவரே வருத்தப்பட்டுக்கொண்டார்.

முனிரத்தினமும் அவன் மனைவி கௌரியும் ரோட்டு முனையில் டிபன் கடை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. கடைதான் வீடு, வீடுதான் கடை. முனிரத்தினம் தலை நரைத்துப்போய் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். கௌரி கொதிக்கும் இட்லிக் குண்டானை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு கையிலும் என் துணி.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை, சாப்பிட மட்டும் திறந்தேன். ராகிக் களி, கீரைக் கடைசல், வேர்க்கடலைச் சட்னி. களியை மென்றேன். கௌரி விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணா, அத மெல்லக்கூடாது, அப்பிடியே முழுங்கணும்." அந்தத் துணியை எனக்கு விரித்துக் காட்டினாள், பெருமையாக. "இது வந்த நாள்லருந்து என் கை ஒருநாளும் சுட்டதில்ல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நானே தொவைச்சி காயப்போடுவேன். வேற யாரையும் தொட உடமாட்டேன்." எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

மறுநாள் காலை வியாபாரம் முடிந்து, கடை ஓய்ந்த நேரத்தில் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, எனக்கு அது வராது. கப்பல், தூசி, நெஞ்சு, துணி. எல்லாம் சொன்னேன். என் படத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. தப்பு செய்தவன் தன் நோயை முன்னால் நீட்டி இரக்கம் வாங்கக்கூடாது என்று பட்டது.

முனிரத்தினம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். கௌரிதான் பேசினாள்.

"கல்லுல அடிச்சி அடிச்சி தொவைச்சனே. பறந்துச்சே, பொடி பொடியா. அழுக்கு போவுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." புருஷன் பக்கம் கையைக் காட்டினாள். "நான் போனா போறேன். கப்பல் பட்டறைல ஆறு வருஷம் துன்னாரே அந்தத் தூசிய, இந்தாளுக்கு எதுனா ஆச்சுன்னா எனக்கு யார் இருக்காங்க? சொல்லுங்க, யார் இருக்காங்க?"

அன்றிலிருந்து அவள் என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவதை நிறுத்தவில்லை. "அவர துன்னச் சொல்லு" என்று புருஷனிடம் சொல்லுவாள், நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நாளைக்கே நெஞ்சைப் படம் பிடிக்கலாம் என்றேன். முனிரத்தினம் தலையை ஆட்டினான். "வர்றேண்ணே. ஆனா ஒன்னு இருக்குது. துணி அஞ்சு கெஜம். கடைல இருக்கறது ஒன்னே கால் கெஜந்தான்."

"மிச்சம்?"

"பங்கு போட்டுட்டேன்."

இந்தப் பக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் வந்தால் அதைத் தனியாக வைத்துக்கொள்கிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். சோப்புக் கட்டியையே நூல் போட்டு அறுத்து உறவுக்குக் கொடுப்பார்கள். அவனும் முறைப்படி செய்திருக்கிறான். ஒரு துண்டு புத்தூரில் இஸ்திரி கடை வைத்திருக்கும் சித்தப்பா மகனுக்கு, ஒன்று சத்தியவேடு பக்கம் கட்டிக்கொடுத்த தங்கைக்கு, ஒன்று நகரியில் இருக்கும் கௌரியின் அண்ணனுக்கு. "என் கையால குடுத்தது. அத திரும்ப வாங்காம நான் மட்டும் போய் மாரு படம் புடிச்சிக்கினு வந்தா, நாளைக்கு அவங்க மூஞ்சில எப்டி முழிப்பேன்?" என்றான். என் வாயிலிருந்து வரவேண்டிய பேச்சு.

வேலை ஆரம்பமானது. கல்நாரை உலர்ந்தபடி தொடக்கூடாது, நனைத்துத்தான் எடுக்க வேண்டும். பட்டறையில் அதற்குத் தனி மெஷின் உண்டு. இங்கே மாமரத்துக்கு மருந்து அடிக்கும் ஸ்ப்ரேயரை மூன்று தடவை கழுவி முதுகில் மாட்டிக்கொண்டேன். முகக்கவசம் போட்டு, கடைத்துணியைச் சொட்டச் சொட்ட நனைத்து, மஞ்சள் பையில் சுருட்டி, அதன்மேல் இன்னொரு பை போட்டு டேப் ஒட்டினேன். தண்ணீரில் சோப்பைக் கரைத்துக் கடையை மூலைமுடுக்கெல்லாம் ஈரத்துணியால் துடைத்தோம். வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா முனிரத்தினம், கடைல பாம்பு பூந்துடுச்சா?" என்றார். "ஆமா, பதினேழு வருஷமா இருந்துக்குது" என்றான் முனிரத்தினம்.

புத்தூர்த் துண்டு சுலபமாக வந்தது. இஸ்திரிக்காரர் மேஜையில் விரித்திருந்தார், நடுவில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. அந்த ஓட்டையில் இருந்ததெல்லாம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரிடமும் சொன்னேன், படம் பிடிக்கச் சொன்னேன். திகைத்துப்போன மனிதர், எங்களுக்கு டீ வாங்கிக்கொடுக்க மறக்கவில்லை.

சத்தியவேடு போகும் வழியில் பஸ் நின்றுவிட்டது. பெரிய ரிப்பேர் ஒன்றுமில்லை, டிரைவரின் மச்சினன் ஊர் அது. டிரைவர் இறங்கிப்போய் மோர் குடித்து, குடும்ப விஷயம் ஒன்றைப் பேசி முடித்துவிட்டு வந்தார். யாரும் கோபப்படவில்லை. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் காதோரம் மொழிபெயர்த்தான்: "மச்சினன் பொண்ண டிரைவர் பையனுக்கு கேக்கறாராம். பொண்ணு வேணாங்குதாம். அதான் லேட்டாவுது." எங்கள் ஊர் ரயிலில் ஒரு நிமிஷம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். ஏன் தாமதம் என்று மட்டும் இவ்வளவு விவரமாகச் சொல்ல மாட்டார்கள்.

தங்கை வீட்டில் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினின் புகைக்குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எண்ணெயில் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. அந்தத் துண்டுதான் யாருக்கும் அதிகம் கெடுதல் செய்யாத துண்டு. நனைத்துக் கழற்றிக் கட்டினேன்.

நகரியில்தான் மாட்டிக்கொண்டோம். கௌரியின் அண்ணன் தேசப்பன் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் அந்தத் தெருவே அதிர்கிறது, அங்கே எல்லோரும் பேசுவதே சண்டை மாதிரி கேட்கிறது. என்னைச் சிங்கப்பூர் சார் என்று உபசரித்து கலர் சோடா வாங்கிக் கொடுத்தவர், துணி என்றதும் முகம் மாறினார். "அதுவா? எலி கடிச்சிடுச்சி. எப்பவோ தூக்கிப் போட்டுட்டேன்." எங்கே போட்டார்? நினைவில்லை. எந்த வருஷம்? நினைவில்லை. அவர் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். தேசப்பன் சட்டென்று தறிப்பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவில் இரண்டு பேர் அவரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனதையும் கவனித்தேன். தறி ஓட்டுகிறவருக்கு எதற்கு இந்த மரியாதை?

திரும்பி வந்து கௌரியிடம் முனிரத்தினம் சொன்னான். அவள் நாலு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"எலியா? அம்மன் ஜாத்திரைல ஒவ்வொரு வருஷமும் தீச்சட்டி எடுக்கறாரே, வேப்பந்தழைக்கு அடில இன்னா வச்சிக்கினு எடுக்கறாருன்னு நெனச்சீங்க? மஞ்ச துணில வச்சி தச்சி குடுத்ததே நான்தான்."

அங்கெல்லாம் அம்மன் திருவிழாவில் நெருப்பு கொழுந்துவிட்டு எரியும் மண்சட்டியை வேப்பிலை வைத்து வெறுங்கையில் ஏந்தி ஊரைச் சுற்றி வருவார்கள். மற்றவர்கள் ஒரு தெரு தாங்கினால் தேசப்பன் நகரி முழுவதும் சுற்றுவார். கொப்புளம்கூட வராது. அம்மன் அவர் கையில் இருக்கிறாள் என்று ஊர் நம்புகிறது. பெண்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து அவர் கையைத் தலையில் வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் போர்க்கப்பல் இந்த மாதிரி ஒரு வேலையும் பார்த்திருக்கிறது.

கௌரி போனை எடுத்தாள். "அண்ணா, நான் சொல்றத மட்டும் கேளு. அது வெஷம். உன் துண்டு வந்து சேராம மாரு படம் புடிக்கமாட்டேன்னு இந்தாளு ஒக்காந்துக்கினு கீறாரு. உனக்கு உன் பேரு பெருசா, எனக்கு இவரு பெருசான்னு நீயே ரோசன பண்ணிக்கோ." வைத்துவிட்டாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தேசப்பன் வந்து இறங்கினார். இட்லி வேண்டாம் என்றார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மொத வருசம் வெறுங்கைலதான் எடுத்தேன் சார். சத்தியமா. கையெல்லாம் வெந்துபோய் மூணு மாசம் தறி ஓட்ட முடியல. பொண்டாட்டி நகை எல்லாம் போச்சு. அடுத்த வருசம் வேண்டுதல வுட்டுட மனசில்ல. இது இருந்துது." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா கோச்சிக்குவாளா சார்?"

நான் சாமி விஷயத்தில் அரைகுறை. இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. "கோவம் இருந்தா குடுத்தவன் மேலதான் இருக்கணும். அது நான். நீங்க நிம்மதியா இருங்க" என்றேன்.

"வர்ற ஜாத்திரைக்கு ஜனங்க கேப்பாங்களே?"

"மச்சான், பால்கொடம் எடு. அதுவும் அம்மாவுக்குத்தான்" என்றான் முனிரத்தினம். தேசப்பன் யோசித்தார். பிறகு இட்லி கேட்டார்.

நாலு பையும் சேர்ந்தாயிற்று. இதை எங்கே போடுவது? எரிக்க முடியாது, அதுதான் அதன் பெருமையே. ஏரியில் போட முடியாது. புதைக்கலாமென்றால், இந்த ஊரில் உழாத இடமே இல்லை. சிங்கப்பூரில் ஒரு போன் போட்டால் லாரி வந்துவிடும். நாலு நாள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். ஒரு இடத்தில் எங்களை விவசாய இலாகாவுக்கு அனுப்பினார்கள். கடைசியில் சத்தியவேடு பக்கத்துப் புதுத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி, தெலுங்குப் பெண், வயது முப்பது இருக்கலாம், பைகளில் நான் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தார். "யார் கட்டியது? நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். முப்பது வருஷ வேலையில் இந்தப் பாராட்டுதான் எனக்குப் பெரியது. தங்கள் ஆபத்தான கழிவோடு சேர்த்து இதையும் அதற்குரிய குழிக்கு அனுப்ப ஒப்புக்கொண்டு, ஒரு படிவத்தை நீட்டினார். எதிலிருந்து வந்த கழிவு என்று ஒரு கட்டம். "போர்க்கப்பல்" என்று எழுதினேன். படித்தார். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை செம்மண். என்னிடம் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் திருப்பதி. பஸ் நிலையத்தில் ஊரே மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருந்தது. எல்லோரும் மேலே போகிற பஸ்ஸைத் தேட, நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரி போகிற பஸ்ஸைத் தேடினோம். கௌரி மலையைப் பார்த்துக் கும்பிட்டு எதையோ முணுமுணுத்தாள். வரிசையில் அரைநாள் போனது. முனிரத்தினம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து மூன்றாகப் பங்கு போட்டான். கௌரி தன் பங்கைத் தொடவில்லை.

டாக்டர் அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது. முதலில் கௌரியின் படம். சுத்தமாக இருந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்து முனிரத்தினத்தின் படம். இடது பக்கம் ஓரத்தில் விரலகலத்துக்கு வெள்ளைத் தடிப்பு.

"இது கேன்சர் இல்லை. பயப்பட வேண்டாம்" என்றார் டாக்டர். "பழைய தூசி விட்டுப்போன தழும்பு. பீடியைத் தொடவே கூடாது. வருஷா வருஷம் வந்து படம் எடுத்துப் பார்க்க வேண்டும்." டாக்டர் கோப்பில் எழுதிக்கொண்டே, "கப்பலில் இவரோடு வேலை செய்தவர்கள் வேறு யாராவது பரிசோதனை செய்துகொண்டார்களா? ஒப்பிட்டுப் பார்த்தால் நல்லது" என்றார்.

முனிரத்தினத்துக்கு அது உதவுமென்றால் ஒளிக்க முடியாது. பையிலிருந்து என் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவனுடைய படத்துக்குப் பக்கத்தில் என்னுடையதை விளக்கில் மாட்டினார். அவனுக்கு ஓர் ஓரத்தில் இருந்தது எனக்கு இரண்டு பக்கமும் அடியிலிருந்து பரவியிருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற படம். டாக்டர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், மெதுவான குரலில், நாலு வாக்கியம் சொன்னார். சிங்கப்பூர் டாக்டர் சொன்னதையேதான் சொன்னார்: இனி மாசக் கணக்குதான். நான் தலையை ஆட்டினேன்.

வெளியே படிக்கட்டில் முனிரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினான், நான் விழுந்துவிடுவேன் என்பதுபோல. "ஏண்ணே சொல்லல?" என்றான், மூன்று தடவை. கடைசிப் படியில் கௌரி எனக்கு முன்னால் வந்து நின்றாள். பத்து நாளாக என் முகத்தைப் பார்க்காதவள் நேராகப் பார்த்தாள்.

"இத்தினி நாளா உங்கள கரிச்சிக்கொட்டிக்கினு இருந்தேனே. இத நெஞ்சுல வச்சிக்கினு, ஸ்ப்ரேயர முதுகுல மாட்டிக்கினு, ஊர் ஊரா அலைஞ்சீங்களா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவருக்கு வருசா வருசம் படம் புடிக்கணுன்னாங்க இல்ல. நீங்களும் வந்துடுங்கண்ணா. ரெண்டு பேரும் ஒன்னாவே புடிச்சிக்கலாம். நான் கூட வருவேன்."

டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னது அவளுக்குப் புரிந்திருக்கவில்லை.

"வர்றேம்மா" என்றேன்.

"எந்த மாசம்?"

வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறேனா என்று அவளுக்குச் சந்தேகம். "ஜூன் மாசம். மாம்பழம் நிறைய இருக்கும்போது வர்றேன்."

கௌரி விரல் விட்டு எண்ணினாள். "பதினோரு மாசந்தான் இருக்குது" என்றாள்.